குழந்தையின் வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சரியாகக் கலந்து, சரியாகக் கொடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியதும் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் பேதியை எப்படி நிறுத்துவது என்றே யோசிக்கிறார்கள். பாட்டி வசம்பைச் சுட்டு உரசச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்கிறார், அப்பா மருந்துக் கடைக்குப் போய் "வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மருந்து கொடுங்கள்" என்று கேட்கிறார். இந்தப் பரபரப்பில் வெளியேறிய நீரையும் உப்பையும் யாராவது திரும்ப உள்ளே செலுத்திக்கொண்டிருக்கிறார்களா என்பது மறந்துபோகிறது. சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாள்களில் தானாகவே அடங்கிவிடும். அது அடங்கும்வரை குழந்தையின் உடலில் நீரும் உப்பும் வற்றாமல் பார்த்துக்கொள்வதே வீட்டில் இருப்பவர்களின் வேலை. அந்த வேலையை ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (வாய்வழியாக நீரூட்டுவதற்கான உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி), ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கொண்டு எப்படிப் பிழையில்லாமல் செய்வது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

எது வயிற்றுப்போக்கு?

24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ, வழக்கத்தைவிட நீர்த்த மலமாகப் போனால் அதை வயிற்றுப்போக்கு எனலாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பச்சிளங்குழந்தை நாளுக்குப் பல முறை இளகலாக, மஞ்சளாக மலம் கழிப்பது இயல்பு. குழந்தை நன்றாகப் பால் குடித்து எடையும் கூடிவந்தால், அதை நோயாக எண்ணி எந்த மருந்தும் கொடுக்கத் தேவையில்லை. அந்தக் குழந்தையின் வழக்கம் திடீரென மாறி, மலம் தண்ணீராகவே பீய்ச்சினால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டவர் கரைசலைக் கலப்பதில் தவறு செய்யமாட்டார் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரியவர் ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் சுமார் 2 லிட்டர் மட்டுமே நாம் குடித்தும் உண்டும் சேர்த்தது. மீதியெல்லாம் உமிழ்நீராகவும், இரைப்பைச் சாறாகவும், பித்தமாகவும், கணையச் சாறாகவும், குடல் தானே சுரக்கும் நீராகவும் உடலே உள்ளே ஊற்றுவது. சிறுகுடலும் பெருங்குடலும் இந்த வெள்ளம் முழுவதையும் உறிஞ்சி இரத்தத்துக்குத் திருப்பிவிடுவதால்தான் மலத்தோடு 100 முதல் 200 மி.லி. நீர் மட்டும் வெளியேறுகிறது. கிருமி இந்த வரவு செலவைக் குலைத்துவிடுகிறது. காலராக் கிருமியின் நஞ்சு குடற்சுவரின் உயிரணுக்களைக் குளோரைடையும் அதன் பின்னாலேயே நீரையும் ஓயாமல் வெளியே தள்ள வைக்கிறது. ரோட்டா வைரஸ் குடலின் உறிஞ்சிகளுடைய நுனியைச் சிதைக்கிறது. இரண்டிலும் நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன.

அப்போது வெறும் தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குடற்சுவரில் நீருக்கென்று தனியாக ஒரு பம்பு இல்லை. சோடியம் உள்ளே போனால் அதைத் தொடர்ந்து நீரும் போகும். சோடியம் நுழையும் பல வழிகள் நோயின்போது அடைபட்டுப்போகின்றன. ஆனால் ஒரு வாசல் மட்டும் காலராவிலும் திறந்தே இருக்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று இரண்டு சோடியம் அயனிகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உள்ளே நுழையும் வாசல் அது. இந்தக் கூட்டுப் பயணத்தை இராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலர் 1960-இல் முன்வைத்தார். சர்க்கரை இல்லாத உப்பு நீர் அந்த வாசலைத் திறக்காது. உப்பு இல்லாத சர்க்கரை நீர் திறந்தாலும் இழந்த உப்பைத் தராது. சர்க்கரை அளவுக்கு மீறினாலோ, உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள்ளேயே தங்கி, உடலிலுள்ள நீரைத் தன் பக்கம் இழுத்துப் பேதியை மேலும் கூட்டிவிடும். ஓ.ஆர்.எஸ். என்பது கச்சிதமாக அளந்து சேர்க்கப்பட்ட ஒரு விகிதம். "கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன" என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

அந்த விகிதத்துக்குப் பின்னால் நம் துணைக்கண்டத்தின் வரலாறு இருக்கிறது. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியாகவே நீரூட்டி, அதை 1953-இல் வெளியிட்டார். மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசல் காலராவிலும் வேலை செய்கிறது என்பதை நிறுவினர். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் சமையல் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலங்களாக்கி, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கிண்ணத்தில் ஊட்டச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டிய இறப்பு அவருடைய பராமரிப்பில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. ஊட்டியவர்கள் தாய்மாரும் தந்தையரும் உடன்பிறந்தோரும்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். மகாலனாபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

முதல் படி: நீரிழப்பு எவ்வளவு என்று பாருங்கள்

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலிலிருந்து அரை லிட்டர் நீர் போய்விட்டால், அது உடல் எடையில் 5 விழுக்காடு. நீரிழப்பின் அறிகுறிகள் ஏறத்தாழ அந்த அளவில்தான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஒரு லிட்டர் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் பெரிய இழப்பாகத் தோன்றாது, ஆனால் குழந்தையின் உயிர் அந்தச் சொம்பளவு நீரில் இருக்கிறது.

குழந்தையை வெளிச்சமான இடத்தில் மடியில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் அதன் சுறுசுறுப்பு: வழக்கம்போல் விளையாடுகிறதா, சிணுங்கிக்கொண்டே இருக்கிறதா, கூப்பிட்டாலும் கண் திறவாமல் துவண்டு கிடக்கிறதா? அடுத்து கண்கள்: குழி விழுந்தாற்போல் இருக்கின்றனவா? இதை மருத்துவரைவிடத் தாய்தான் நன்றாகச் சொல்ல முடியும், ஏனென்றால் நேற்றைய முகம் அவளுக்குத்தான் தெரியும். மூன்றாவது, ஒரு கரண்டி நீரை வாயருகே கொண்டுபோனால் இயல்பாகக் குடிக்கிறதா, ஆவலோடு கரண்டியைப் பிடித்து இழுத்துக் குடிக்கிறதா, அல்லது குடிக்கவே தெம்பில்லாமல் வாயோரம் வழியவிடுகிறதா என்று பாருங்கள். நான்காவதாக, தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நீளவாக்கில் மெல்ல மடித்துப் பிடித்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் நல்லது. மெதுவாகத் திரும்பினால் நீரிழப்பு தொடங்கிவிட்டது. இரண்டு விநாடிகளாகியும் மடிப்பு அப்படியே நின்றால் நிலைமை கடுமையானது.

இந்த நான்கும் இயல்பாக இருந்தால் வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்கலாம். சிணுங்கல், குழிந்த கண், அடங்காத தாகம், மெதுவாகத் திரும்பும் தோல் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால், கரைசலை ஊட்டிக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ கிளம்புங்கள். துவண்டு கிடப்பது, குடிக்க முடியாமை, இரண்டு விநாடிகளுக்கும் மேல் நிற்கும் தோல் மடிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த நிலையில் நரம்புவழித் திரவம் தேவை. நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். குழிந்த கண்ணையும், உள்ளே அமுங்கிய உச்சிக்குழியையும், துவண்ட கைகால்களையும் நம் ஊர்ப் பெரியவர்கள் நெடுங்காலமாகவே கூர்ந்து கவனித்து, அவற்றுக்குத் தோஷம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட அறிகுறிகள் உண்மையானவை. ஆனால் தோஷம் என்று பெயர் சூட்டியதும் குழந்தையை மந்திரிக்கவும், தொக்கம் எடுக்கவும், வேப்பிலை அடிக்கவும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குழந்தையின் வாய்க்குள் ஒரு சொட்டு நீரும் போவதில்லை. அவர்களோடு வாதம் செய்ய வேண்டாம். "நீங்கள் சொன்ன அடையாளம் சரிதான் பாட்டி, முதலில் இந்தத் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி, கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பொட்டலத்தைக் கலத்தல்

மருந்துக் கடையில் கேட்கும்போது "ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உள்ள பொடிப் பொட்டலம்" என்று கேட்டு வாங்கி, உறையைத் திருப்பிப் படியுங்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்க வேண்டும். இந்த அளவு 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த பொடியில் உப்பும் சர்க்கரையும் இதைவிடக் கூடுதல். அவற்றைக் குறைத்ததில் பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இந்தப் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும்.

பொட்டலம் ஒரு லிட்டருக்கானதா, 200 மி.லி.க்கானதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் கடைகளில் கிடைப்பதால், இதில் ஏற்படும் குழப்பமே நான் அடிக்கடி காணும் தவறு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு பல மடங்கு ஏறி, இரத்தத்தில் சோடியம் அபாயகரமாக உயர்ந்து, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். சிறு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் அது வெறும் தண்ணீருக்குச் சமம்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். வீட்டு டம்ளரும் சொம்பும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவில் இருப்பதால் அவற்றை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட குடிநீர்ப் புட்டியே போதுமான அளவுகோல். பொட்டலத்தைப் பிரித்து முழுவதையும் கொட்டி, அடியில் துகள் தங்காமல் கலக்குங்கள். பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைக்கக் கூடாது, ஏனென்றால் உறைக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகப் பரவியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை, திறந்த பொடி ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கலந்த பிறகு ஒரு சொட்டை நீங்களே சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் எங்கோ அளவு தவறிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கரைசலில் பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை, குளுக்கோஸ் பொடி எதையும் சேர்க்க வேண்டாம். கலந்தபின் மீண்டும் காய்ச்சவும் வேண்டாம். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரைக்க வேண்டும். தேக்கரண்டி என்பது 5 மி.லி. கொள்ளளவு, மருந்துச் சாறுப் புட்டியோடு வரும் அளவுக் கரண்டியைப் பயன்படுத்தினால் பிசகாது. குவித்து அள்ளாமல், கத்தியின் முதுகால் மேற்பரப்பை வழித்துவிடுங்கள். இதில் பொட்டாசியம் இல்லாததால் இது விடியும்வரைக்கான ஏற்பாடு மட்டுமே. விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிட வேண்டும்.

இந்த அளவைப் படிப்பறிவில்லாத வீடுகளுக்கும் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு வங்கதேசம் சான்று. பிராக் என்னும் அந்நாட்டுத் தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீரும் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மாருக்குக் கற்றுத்தந்தார்கள். பிறகு வேறொருவர் சென்று, அந்தத் தாய் எவ்வளவை நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம்.

மூன்றாம் படி: கொடுக்கும் முறை

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மி.லி., இரண்டிலிருந்து பத்து வயதுவரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேற்பட்டவர்களுக்கு அவர்கள் விரும்பும் அளவு. இதுவே நீரிழப்பின் அறிகுறி இல்லாத குழந்தைக்கான கணக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடியும், ஒவ்வொரு தடவையும் கூடுதல் நேரமும் கொடுத்து, இடையிடையே ஓ.ஆர்.எஸ். ஊட்டுங்கள், தாய்ப்பாலை எக்காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

சிறிதளவு நீரிழப்பு தெரியும் குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. வீதம் கொடுக்க வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்கு 750 மி.லி. ஆகிறது. இதைச் சுகாதாரப் பணியாளரின் கண்முன் செய்வதே நல்லது, ஏனெனில் நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்படி என்பதும் முக்கியம். புட்டிப்பாலுக்கான பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தால் தாகமெடுத்த குழந்தை ஒரே மூச்சில் இழுத்துக் குடித்துவிட்டு அத்தனையையும் கக்கிவிடும். பாலாடையிலோ கரண்டியிலோ ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஊட்டுங்கள். நிமிடத்துக்கு 5 மி.லி. என்றால் ஒரு மணி நேரத்தில் 300 மி.லி. போய்விடும்; பொறுமையாகக் கொடுக்கும் கரண்டிக்கு அவ்வளவு வலு உண்டு. இரவில் இந்த வேலையை ஒருவரே செய்ய முடியாது. தாய் தூங்கும் நேரத்தில் தந்தையோ பாட்டியோ கரண்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

குழந்தை வாந்தி எடுத்தால் "எதுவும் தங்கவில்லை, கொடுத்துப் பயனில்லை" என்று விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மீண்டும் தொடங்குங்கள். கக்கியது போலத் தெரிந்தாலும் ஒரு பகுதி உள்ளே தங்கியே இருக்கும். மீண்டும் மீண்டும் அத்தனையும் வெளியே வந்துகொண்டே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது, பெற்றோர் மனம் தளரும் இடத்துக்கு வருகிறேன். ஓ.ஆர்.எஸ். தொடங்கி அரை நாள் ஆகியிருக்கும். பேதி அப்படியேதான் இருக்கும். "இது வேலை செய்யவில்லை" என்று கரைசலை ஒதுக்கிவிட்டு வேறு மருந்து தேடத் தொடங்குவார்கள். பேதியை நிறுத்துவது இந்தக் கரைசலின் வேலையன்று. பேதி நடக்கும்போதே உடலை நனைத்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஆகவே மலத்தை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டுச் சிறுநீரைக் கவனியுங்கள். குழந்தை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளிர்நிறச் சிறுநீர் கழித்தால், முகம் தெளிந்திருந்தால், அழும்போது கண்ணீர் வந்தால், எத்தனை முறை வயிற்றால் போனாலும் நீங்கள் கொடுப்பது போதுமானதாக இருக்கிறது என்று பொருள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். அழும்போது கண்ணீர் இல்லை, வாய் உலர்ந்திருக்கிறது என்றாலும் நீங்கள் கொடுப்பது போதவில்லை.

கடையில் ஏமாறாமல் இருக்க

பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் சில, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கியபடி மருந்துக் கடைகளில் நெடுநாள் விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. முன்பே சொன்னதுபோல் அந்தச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை வளர்க்கும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தளராமல் போராடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில், இத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆயினும் பெயரை நம்பாமல் உறையில் உள்ள கிராம் கணக்கை நீங்களே படிப்பதுதான் பாதுகாப்பு.

குளிர்பானம், பெட்டிப் பழச்சாறு, விளையாட்டு வீரர்களுக்கான பானம், வெறும் குளுக்கோஸ் பொடி ஆகிய எதுவும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று ஆகாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. கரைசலோடு சேர்த்துக் கொடுக்கலாம், கரைசலுக்குப் பதிலாக அன்று. உப்பிட்ட அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட நீர்மோர், பருப்புத் தண்ணீர் ஆகியவை வீட்டிலேயே கிடைக்கும் மிக நல்ல துணைகள். கஞ்சியின் மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் அதே வாசல் வழியாகச் சோடியத்தை அழைத்துச் செல்கிறது.

நான்காம் படி: உணவும் துத்தநாகமும்

வயிற்றைக் காயப்போட வேண்டும் என்ற பழைய எண்ணம் குழந்தைக்குக் கேடு செய்கிறது. உணவு கிடைத்தால்தான் குடற்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இட்லி, குழைந்த தயிர்சாதம், பருப்புச் சாதம், வாழைப்பழம், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு என்று குழந்தை வழக்கமாகச் சாப்பிடுவதையே, சிறிது சிறிதாக, நாளுக்கு ஆறு முறை கொடுக்கலாம். ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ சேர்ப்பதால் தீங்கில்லை.

ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் சேர வேண்டும் என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. இரண்டு முதல் ஆறு மாதம்வரை உள்ள குழந்தைக்கு நாளுக்கு 10 மி.கி., ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி. என்பது வழக்கமான அளவு. இதை 14 நாள்கள் தொடர வேண்டும். கரையக்கூடிய மாத்திரையாகக் கிடைக்கும். சிறு குழந்தைக்கு ஒரு கரண்டி தாய்ப்பாலிலும், பெரிய குழந்தைக்கு ஒரு கரண்டி தண்ணீரிலும் கரைத்துக் கொடுக்கலாம். இது பேதியின் நாள்களைக் குறைப்பதோடு, அடுத்த சில மாதங்களில் மீண்டும் வருவதையும் குறைக்கிறது. மூன்றாம் நாள் வயிறு சரியானதும் நிறுத்திவிடுவதால்தான் இதன் முழுப் பயன் கிடைக்காமல் போகிறது.

எதைக் கொடுக்கக் கூடாது

குடலின் அசைவைக் கட்டிப்போடும் லோபரமைடு போன்ற மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலம் வெளியே வராவிட்டாலும் நீர் குடலுக்குள் தேங்கும், வயிறு உப்பும், குழந்தை மயங்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரஸால் வரும் பேதியில் பயனற்றவை. மலத்தில் இரத்தம் கலந்து வரும்போதும், காலரா என்று ஐயப்படும்போதும் அவை தேவைப்படும்; அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சென்ற முறை எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுபோய் இந்த முறையும் அதையே வாங்குவது தவறு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

மலத்தில் இரத்தம், கடுமையான காய்ச்சல், ஓயாத வாந்தி, பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி இறுகுதல், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலே மருத்துவர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்து, ஊட்டமில்லாமல் இருக்கும் குழந்தையிடம் தோல் மடிப்புச் சோதனை ஏமாற்றிவிடும். அந்தக் குழந்தைக்கான கரைசலும் வேகமும் வேறு என்பதால் வீட்டில் வைத்துச் சமாளிக்க முயல வேண்டாம். 14 நாள்களைத் தாண்டியும் நிற்காத பேதிக்குத் தனியாகப் பரிசோதனை தேவை. போகும் வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

பெரியவர்களுக்கும் இதே கரைசல்தான். சர்க்கரை நோயாளிகளும் வயிற்றுப்போக்கின்போது இதைக் குடிக்கலாம், அதிலுள்ள குளுக்கோஸ் குறைவு; ஆனால் வழக்கமான மாத்திரைகளையும் நீர்பிரிக்கும் மாத்திரைகளையும் அந்த நாள்களில் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். சிறுநீரகச் செயலிழப்போ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

மறுபடி வராமல் இருக்க

மலம் கழித்த பின்பும், குழந்தையைக் கழுவிவிட்ட பின்பும், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பும் சோப்பால் கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சுவது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 2016 முதல் படிப்படியாக நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தச் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தின் பெரிய ஆய்வு நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங் இந்த வைரஸைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அந்த மூன்று கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

பேதி நின்ற பிறகும் இரண்டு வாரங்களுக்குக் குழந்தைக்கு நாளுக்கு ஒரு வேளை உணவைக் கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடையை அது அப்போதுதான் மீட்டெடுக்கும். துத்தநாக மாத்திரை 14-ஆம் நாள் முடிகிறபோது அங்கன்வாடிக்கு அழைத்துப்போய் எடை பார்த்து, நோய்க்கு முந்தைய எடையோடு ஒப்பிடுங்கள். எடை ஏறாமல் இருந்தால் அங்கிருந்தே கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். திரும்பும்போது இரண்டு பொட்டலங்கள் வாங்கிவந்து, காலாவதித் தேதியை உறையின்மேல் பெரிதாக எழுதி, ஈரம் படாத இடத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிடுங்கள்.